தார்ப்பாய்க்கு அடியில் ஒரு எஞ்சின்

மகள்: பானெட்டை மூடிருங்கண்ணே. எங்க படகுக்கு இது வேணாம்.

கடைக்காரர்: இன்னும் முழுசாத் திறந்துகூடக் காட்டல, அதுக்குள்ள வேணாமா? பாப்பா, இது ஒரு டாக்டரம்மா வச்சிருந்த கார். வீடு விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி விட்டா வீடு. எவனோ லாரிக்காரன் பின்னாடி வந்து இடிச்சுட்டான். பின்பக்கம் நசுங்கிப் போச்சு, முன்பக்கம் ஒரு கீறல் கிடையாது. எஞ்சின் பொண்ணு மாதிரி இருக்கு.

மகள்: பொண்ணு மாதிரின்னா எப்படி? சொன்ன பேச்சைக் கேக்காதா?

படகுக்காரர்: என் பொண்ணை வச்சுப் பாத்தா, கேக்காது.

கடைக்காரர்: சரி, என்ன குத்தம்னு சொல்லும்மா.

மகள்: பெட்ரோல்.

கடைக்காரர்: பெட்ரோல்தான். அதனால?

மகள்: காருல பெட்ரோல் கசிஞ்சா ரோட்டுல சொட்டும், காத்தோட போயிரும். படகுல கசிஞ்சா எங்க போகும்? அடிப்பலகையிலயே தங்கும். அந்த ஆவி மேல ஏறாதுண்ணே, கீழயே படுத்துக் கிடக்கும். எவராவது ஒருத்தர் பீடி பத்த வச்சா முடிஞ்சுது கதை.

படகுக்காரர்: நம்ம படகுல பீடி பிடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

மகள்: சொல்லிட்டு நீங்களே பிடிப்பீங்க.

படகுக்காரர்: அது... காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கறதுக்கு.

கடைக்காரர்: ஹ... சரிண்ணே. படகை ஓட்டுறது யாரு, நீங்களா பாப்பாவா?

மகள்: பாப்பாதான். இவர் முன்னாடி உக்காந்துக்கிட்டு, நான் எங்கெங்க தப்பா ஓட்டுறேன்னு எல்லாருக்கும் சொல்லிட்டு வருவார்.

படகுக்காரர்: தப்பா ஓட்டினாத்தானே சொல்றேன்.

மகள்: அது மட்டுமில்லண்ணே. இந்த எஞ்சின் குறுக்கால உக்கார்ற சாதி. கியர்பாக்ஸும் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. எனக்கு நெடுக்க உக்காரணும், தண்டு நேரா பின்னாடி, தண்ணியைத் தள்ளுற விசிறிக்குப் போகணும். போதாததுக்கு இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி வேற. எங்க காத்துலயே உப்பு இருக்கு. பொங்கலுக்கு வெள்ளையடிச்ச மாதிரி பூத்துரும்... வேணாம்.

கடைக்காரர்: சரி சரி, மூடிட்டேன். பழைய எஞ்சினுக்கு என்னதான் ஆச்சு?

படகுக்காரர்: ஆயுசு முடிஞ்சு போச்சு தம்பி.

மகள்: முடிஞ்சது நடுத் தண்ணியில. படகு நிறைய ஆளு. கடக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பெல்ட்டைப் பிடிச்சு இழுத்துப் பாத்தேன், அசையல. உள்ளயே இறுகிப் போச்சு.

கடைக்காரர்: அப்புறம்?

படகுக்காரர்: தண்ணி இறங்குற நேரம். முகத்துவாரத்தைப் பாத்து இழுக்குது. அதைத் தாண்டினா கடல்தான்.

மகள்: துடுப்பு ரெண்டுதான் இருந்துச்சு. மிச்சப் பேரு கைக்குக் கிடைச்சதை வச்சு வலிச்சாங்க. டீச்சர் ஒருத்தங்க பரீட்சை அட்டையால வலிச்சாங்க. மீன் விக்கற அம்மா கூடையைக் கவுத்துட்டு அதால வலிச்சாங்க. தையல்காரர் மட்டும் எழுந்து நின்னு எல்லாருக்கும் தைரியம் சொன்னாரு.

படகுக்காரர்: அவன் எப்பவுமே வாயால வலிக்கற ஆளு.

மகள்: அவரால முடியாதுப்பா... அவருக்குச் சிறுநீரகம் ரெண்டும் வேலை செய்யலண்ணே. வாரத்துல ரெண்டு மூணு தடவை இந்தக் கரைக்கு வந்து, ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ணிட்டுப் போகணும். படகு நின்னதுலேருந்து பாலத்தைச் சுத்தி பஸ்ஸுல வர்றாரு. சுத்தம் பண்ணின ரத்தமெல்லாம் அந்தப் பஸ்ஸுலயே வத்திப் போகுதுன்னு சொல்றாரு.

படகுக்காரர்: சிரிச்சுக்கிட்டேதான் சொல்றான். பாக்கத்தான் முடியல.

கடைக்காரர்: அப்போ சீக்கிரம் ஓடணும்... எந்தத் துறை உங்களுது?

மகள்: அக்கரையில, உப்பளத்துக்குப் பின்னாடி. சாஞ்ச விளக்குக் கம்பம் ஒண்ணு நிக்குமே, அந்தத் துறை.

கடைக்காரர்: சாஞ்ச கம்பமா...

மகள்: என்னண்ணே, தெரியுமா அந்த இடம்?

கடைக்காரர்: இல்ல... கேள்விப்பட்டிருக்கேன். வாங்க, அந்தக் கோடிக்குப் போவோம். பெருசு ஒண்ணு இருக்கு. பாத்து வாங்கண்ணே, தரையெல்லாம் ஆயில்.

படகுக்காரர்: நீங்க முன்னாடி போங்க தம்பி. நாங்க வர்றோம்.

கடைக்காரர்: இதோ, டீசல். நீங்க கேட்ட மாதிரி நெடுக்க உக்கார்றது. ஆறு சிலிண்டர். மலையைக் கட்டி இழுக்கச் சொன்னாலும் இழுக்கும்.

மகள்: மலையை இழுக்கும்ணே. எங்க படகைத் தூக்கி நிறுத்திரும். இதைப் பின்னாடி வச்சா பின்பக்கம் தண்ணியில உக்காந்துரும், முன்பக்கம் வானத்தைப் பாக்கும்.

படகுக்காரர்: எனக்கு நல்லாத்தான் இருக்கும். மேல உக்காந்துக்கிட்டு எல்லாரையும் பாக்கலாம்.

மகள்: இவ்வளவு பலம் எங்களுக்கு எதுக்குண்ணே? நாங்க யாரோடயும் பந்தயத்துக்குப் போகல. மெதுவா, நிக்காம ஓடினா போதும்.

கடைக்காரர்: சரி... இந்தப் பக்கம் பாரு. நாலு சிலிண்டர், டீசல், டர்போ வச்சது. எடை கம்மி.

மகள்: டர்போ சூட்டுல சிவந்து போகும். காருல முன்னாடி காத்து வந்து மோதும், தாங்கிக்கும். படகுல எஞ்சின் பெட்டிக்குள்ள அடைஞ்சு கிடக்கும். பெட்டி மேல ஆளு உக்காந்திருப்பாங்க.

படகுக்காரர்: மீன் விக்கற அம்மாவுக்கு அதுதான் இடம். வேற யாரும் உக்காரக் கூடாது.

மகள்: அவங்க எழுந்து கேள்வி கேட்டா யாரு பதில் சொல்றது?

கடைக்காரர்: உன்னை மாதிரி கேள்வி கேக்கற ஆளு இந்தக் கொட்டகைக்கு வந்ததே இல்லம்மா. என் மச்சான் இருந்திருந்தா இந்நேரம் உன்னை வெளிய அனுப்பிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

மகள்: இது உங்க கொட்டகை இல்லையா?

கடைக்காரர்: மச்சானோடது. அவன் பழைய வண்டியை வாங்கிட்டு வந்து உடைப்பான், நான் வித்துக் குடுப்பேன். முன்னாடி வேற வேலை பாத்தேன்.

மகள்: என்ன வேலை?

கடைக்காரர்: வண்டி ஓட்டினேன்... அந்தக் கதை எதுக்கு? வெளிய ரெண்டு எஞ்சின் கிடக்கு, வாங்க.

மகள்: அந்தத் தார்ப்பாய்க்கு அடியில என்ன இருக்கு?

கடைக்காரர்: எதுல?

மகள்: உங்களுக்குப் பின்னாடிண்ணே. நீங்க மறைச்சுக்கிட்டு நிக்கறீங்களே, அது.

கடைக்காரர்: அது ஒண்ணுமில்ல. பழசு.

மகள்: இங்க எல்லாமே பழசுதானே.

கடைக்காரர்: அது விக்கறதுக்கு இல்லம்மா.

மகள்: விக்கறதுக்கு இல்லேன்னா பாக்கறதுக்கு இருக்கும்ல. அப்பா, அந்த ஓரத்தைப் பிடிங்க.

கடைக்காரர்: ஏய்... அண்ணே, நீங்களாவது சொல்லுங்க.

படகுக்காரர்: நான் சொன்னா கேப்பான்னு யாரு தம்பி சொன்னது?

மகள்: தூக்குங்கப்பா... ம், வந்துருச்சு.

கடைக்காரர்: பாத்தாச்சுல்ல. மூடிரலாமா?

மகள்: என்னண்ணே இது. இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க. ஒரு பொட்டு துரு இல்ல. நாலு சிலிண்டர், டீசல், டர்போ இல்ல. கம்ப்யூட்டர் இல்ல. பம்ப்புகூடப் பழைய மாதிரி, ஸ்பேனர் இருந்தா நானே கழட்டி மாட்டிக்குவேன். நெடுக்க உக்கார்ற எஞ்சின்... இதை வச்சுக்கிட்டா அந்த மலை இழுக்கறதைக் காட்டினீங்க?

கடைக்காரர்: அது உங்களுக்குச் சரிப்படாது.

மகள்: ஏன் சரிப்படாது?

கடைக்காரர்: சரிப்படாதுன்னா சரிப்படாது.

மகள்: எஞ்சின்ல கோளாறா?

கடைக்காரர்: எஞ்சினைக் குறை சொன்னா நாக்கு அழுகிப் போகும்.

மகள்: அப்போ? எத்தனை கை மாறுச்சு?

கடைக்காரர்: ஒரே கை.

மகள்: யாரு ஓட்டினது?

கடைக்காரர்: ஒரு டிரைவர்.

மகள்: டிரைவர்தான் ஓட்டுவாங்க. எப்படிப்பட்டவரு?

கடைக்காரர்: நிதானமான ஆளு. ஓவர்டேக்கே பண்ண மாட்டாரு. பண்ண வேண்டியதும் இருக்காது, எல்லாரும் அவங்களாவே வழி விட்டுருவாங்க.

படகுக்காரர்: சவாரி வண்டியா தம்பி?

கடைக்காரர்: சவாரின்னும்... சொல்லலாம்.

மகள்: ஏறினவங்க யாராவது குறை சொல்லியிருக்காங்களா?

கடைக்காரர்: ஏறினவங்க ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்ல.

மகள்: போயிட்டுத் திரும்பி வர்ற சவாரியா, போறது மட்டும்தானா?

படகுக்காரர்: ஏய், விடு அவரை.

கடைக்காரர்: உனக்குத் தெரிஞ்சு போச்சாம்மா?

மகள்: ஏதோ ஊகம்.

கடைக்காரர்: ஆமா. அமரர் ஊர்திதான். நீளமான கார் ஒண்ணு, பின்சீட்டை எல்லாம் எடுத்துட்டு, பக்கத்துல கண்ணாடி வச்சு... இப்பப் புரியுதா ஏன் சரிப்படாதுன்னு? இதைக் கொண்டுபோய் ஜனங்க ஏறுற படகுல வைப்பியா? தையல்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொன்னே. அவரை இதுல ஏத்தினா நல்லாவா இருக்கும்?

மகள்: அவருகிட்ட நான் சொல்லிருவேன்ணே. அவரு என்ன சொல்லுவாரு தெரியுமா? "அப்படியா, அப்போ வழி தெரிஞ்ச எஞ்சின்தான்"னு சொல்லுவாரு.

படகுக்காரர்: சொல்லுவான். சொல்லிட்டு அவனே சிரிப்பான்.

கடைக்காரர்: நீங்க சிரிக்கறீங்க. வேற யாராவது முகம் சுளிச்சா?

மகள்: டீச்சருக்குக் கடிகாரம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். மீன் விக்கற அம்மாவுக்கு உக்கார இடம் சூடா இருந்தா போதும், குளிர் காலத்துல முதுகு வலிக்குதாம். யாரு முகம் சுளிக்கப் போறா?

கடைக்காரர்: அண்ணே, நீங்க சொல்லுங்க. உங்க மனசுக்குச் சரியா இருக்குமா?

படகுக்காரர்: எஞ்சினுக்கு என்ன தம்பி தெரியும்? டீசல் ஊத்தினா ஓடும். யாரைச் சுமக்கறோம்னு அது கேட்டுச்சா? ஓட்டுறவன் மனசுதான் அதோட மனசு.

மகள்: ஆயில் பாக்கறேன். குச்சி எங்க... ம். நல்ல ஆயில்ணே. ஓடாத எஞ்சினுக்குப் புது ஆயில் ஏன் ஊத்தினீங்க?

கடைக்காரர்: வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுவேன். சும்மா விட்டா இறுகிரும்.

மகள்: விக்கப் போறதில்ல, வண்டியும் இல்ல. எதுக்கு ஸ்டார்ட் பண்றீங்க?

கடைக்காரர்: பழக்கம்.

மகள்: தண்ணி போயிருக்கா உள்ள? உண்மையைச் சொல்லுங்க. ஆயில் என்னைக்காவது பால் மாதிரி வெளுத்திருக்கா?

கடைக்காரர்: உள்ள போனதில்ல. வெளிய மூழ்கினது ஒரு தடவை. அந்தப் பெரிய புயல் அடிச்ச அன்னைக்கு. ரோட்டுல முழங்காலுக்கு மேல தண்ணி, சில இடத்துல இடுப்பு வரைக்கும். காத்து இழுக்கற குழாயை மேல தூக்கிக் கட்டிட்டு ஓட்டினேன்.

மகள்: ஓட்டினேன்னா?

கடைக்காரர்: ஓட்டினாரு... அந்த டிரைவர்.

மகள்: ஓட்டினேன்னு சொன்னீங்க.

கடைக்காரர்: ...சரி. நான்தான் ஓட்டினேன். நான்தான் அந்த டிரைவர். போதுமா?

படகுக்காரர்: கோவிச்சுக்காதீங்க தம்பி. அவ சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்.

கடைக்காரர்: கோவம் இல்லண்ணே.

படகுக்காரர்: அந்தத் தண்ணியிலயும்... நிக்கலையா இது?

கடைக்காரர்: நிக்கல. சைலன்ஸர் முழுசா தண்ணிக்குள்ள, குமிழி குமிழியா வருது. ஓட்டுற வரைக்கும் காலை ஆக்ஸிலேட்டர்லேருந்து எடுக்கவே இல்ல. எடுத்தா தண்ணி உள்ள ஏறிரும். எங்கெல்லாம் ரோடு தெரியலையோ அங்க மேடான இடமாப் பாத்து நிறுத்துவேன். எஞ்சினைக் கொஞ்சம் உறும விட்டுட்டு, இறங்கி, ஒரு கம்பை ஊன்றிக்கிட்டே முன்னாடி நடந்து பாப்பேன். பள்ளம் இல்லேன்னா திரும்பி வந்து ஓட்டுவேன். மறுபடி இறங்குவேன்... அப்படியேதான் போனோம். காலையில கிளம்பினது, சாயங்காலம் ஆயிருச்சு.

படகுக்காரர்: இறங்கும்போது, ஆக்ஸிலேட்டரை யாரு மிதிச்சது?

கடைக்காரர்: பக்கத்துல உக்காந்திருந்தவரு. இறந்தவங்களோட வீட்டுக்காரரு. "கையால இதை அழுத்திப் பிடிச்சுக்கங்க, விட்டுராதீங்க"ன்னு சொன்னேன். குனிஞ்சு கையால பிடிச்சுக்கிட்டாரு. பாவம், அவருக்கு அப்போ ஏதாவது பிடிச்சுக்கறதுக்கு வேண்டியிருந்துச்சு.

மகள்: யாரைக் கொண்டு போனீங்கண்ணே?

கடைக்காரர்: ஒரு அம்மா. ஆஸ்பத்திரியில தவறிட்டாங்க. ஊரு தண்ணிக்கு அந்தப் பக்கம். புயலுக்காகப் படகெல்லாம் நிறுத்தி வச்சிருந்தாங்க. சுத்திப் போற ரோடு ஒண்ணுதான் வழி.

மகள்: மத்த வண்டிக்காரங்க வரலையா?

கடைக்காரர்: முடியாதுன்னுட்டாங்க. அவங்க மேல தப்பில்லம்மா. ரோட்டையே காணோம், யாரு வருவா?

படகுக்காரர்: நீங்க மட்டும் ஏன் போனீங்க?

கடைக்காரர்: எனக்கே சரியாத் தெரியலண்ணே. நானும் முடியாதுன்னு சொல்லத்தான் நின்னேன். அந்த வீட்டுக்காரரு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு மழையவே பாத்துட்டிருந்தாரு. வந்து கெஞ்சியிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அவரு யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கல... கேக்காதவருக்கு எப்படி முடியாதுன்னு சொல்றது? அண்ணே, என்ன ஆச்சு? உக்காருங்க. இந்த ஸ்டூலை இழுத்துப் போடும்மா. வெயில்ல வந்திருக்கீங்க.

படகுக்காரர்: ஒண்ணுமில்ல தம்பி. ஸ்டார்ட் பண்ணுங்க. கேக்கணும் போல இருக்கு.

கடைக்காரர்: நிஜமாவேவா?

மகள்: நான் பேட்டரி வயரை மாட்டறேன். டீசல் கேன் எங்க?

கடைக்காரர்: அந்தக் கம்பியில தொங்குது பாரு. குழாயைத் திருப்பு. ம்... சூடேற ஒரு நிமிஷம் விடு. இப்போ சாவியைத் திருப்பு. நீயே திருப்பு.

மகள்: திருப்பிட்டேன்.

கடைக்காரர்: கேட்டீங்களா? திருப்பினவுடனே பிடிச்சுக்கிச்சு.

மகள்: புகை இல்ல. கையை மேல வச்சா நடுக்கம்கூட அதிகம் இல்லண்ணே.

கடைக்காரர்: குறைஞ்ச சுத்துலயே இழுக்கும். உன் விசிறிக்கு அதுதான் வேணும்.

மகள்: அப்பா... அப்பா, என்ன?

படகுக்காரர்: தூசி.

மகள்: ம். தூசிதான். கொட்டகை பூரா தூசி.

கடைக்காரர்: நிறுத்திரவா?

படகுக்காரர்: கொஞ்சம் ஓடட்டும் தம்பி.

மகள்: சரிண்ணே, வேலையைப் பேசுவோம். ரேடியேட்டர் எனக்கு வேணாம், படகுக்குள்ள காத்து எங்க வரும்? படகுக்கு அடியில நீளமா ஒரு செம்புக் குழாயை ஓட்டி, நல்ல தண்ணியை அதுலயே சுத்த விடலாம்னு இருக்கேன். வெளிய ஓடுற தண்ணி குழாயைக் குளிர வச்சிரும், உப்பும் எஞ்சினுக்குள்ள போகாது.

கடைக்காரர்: நல்ல யோசனை. புகை போற குழாய்க்கும் தண்ணிச் சட்டை போட்டுரு, சுத்தித் தண்ணி ஓடட்டும். இல்லேன்னா பெட்டி பத்திக்கும்.

மகள்: அது செஞ்சிரலாம். பழைய படகுக் கியர் நல்லா இருக்கு, அதையே வச்சுக்குவேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு தகடு கடைஞ்சு வாங்கணும்.

கடைக்காரர்: தெரு முனையில லேத் பட்டறை இருக்கு. நானே அளவெடுத்துக் குடுத்துடறேன். எந்தப் பக்கம் சுத்துதுன்னும் பாத்துக்கோ. பழசு இடமாச் சுத்தி, இது வலமாச் சுத்தினா, படகு பின்னாடி போயிரும்.

படகுக்காரர்: அப்போ நான் முன்னாடி இருந்து பின்னாடிக்கு வந்துருவேன்.

மகள்: வேற விசிறி வாங்கிக்கறேன். நீங்க இருந்த இடத்துலயே இருங்க.

கடைக்காரர்: ஹ... நிறுத்தறேன். போதும்.

படகுக்காரர்: விலையைப் பேசி முடிப்போம் தம்பி. டாக்டரம்மா எஞ்சினுக்கு வாசல்ல ஒரு விலை சொன்னீங்களே. அதே விலை இதுக்கும்.

கடைக்காரர்: அது ரொம்ப ஜாஸ்திண்ணே. இது பழசு.

மகள்: வாங்குறவங்க ஜாஸ்தி சொல்றாங்க, விக்கறவரு கொறைக்கறாரு. இந்தக் கடை எப்படி நடக்குது?

படகுக்காரர்: அதே விலைதான். கையைக் குடுங்க.

கடைக்காரர்: இல்லண்ணே...

படகுக்காரர்: கையைக் குடுங்க தம்பி. குடுத்தாச்சு. இனிமே பேச்சு மாறக் கூடாது, நீங்களும், நானும்.

கடைக்காரர்: சரி. மாறல.

மகள்: நான் சாட்சி.

கடைக்காரர்: ஆனா... ஒண்ணு சொல்லணும். கையைக் குடுத்துட்டேன், இதைச் சொல்லாம அனுப்பினா எனக்குத் தூக்கம் வராது. கேட்டுட்டு, வேணாம்னா இப்பவே சொல்லிருங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.

படகுக்காரர்: சொல்லுங்க.

கடைக்காரர்: சாஞ்ச விளக்குக் கம்பத் துறைன்னு பாப்பா சொன்னாளே. அப்பவே எனக்கு உங்களைத் தெரிஞ்சு போச்சுண்ணே. அன்னைக்கு என் பக்கத்துல உக்காந்திருந்தது நீங்கதான். பின்னாடி அவங்க தலைமாட்டுல உக்காந்து வந்தது நீதாம்மா, அப்போ இன்னும் சின்னப் பொண்ணு. அதனாலதான் இதை மறைச்சு நின்னேன். ஒரு வீட்டுல அந்த மாதிரி நாள்ல போய் நின்னவனோட முகத்தைப் பாத்தா, அந்த வீட்டுக்காரங்களுக்கு மறுபடி அந்த நாள்தான் ஞாபகம் வரும். எங்க தொழில்ல இருக்கறவங்க ரோட்டுல எதிர்ல பாத்தாலும் தெரியாத மாதிரி போயிருவோம். அன்னைக்கும் உங்க வீட்டுல தூக்க ஆள் பத்தலைன்னு ஒரு பக்கம் தோள் குடுத்தேன், எல்லாம் முடிஞ்சதும் யாருகிட்டயும் சொல்லாம கிளம்பிட்டேன். உங்கம்மாவைச் சுமந்த எஞ்சினை உங்க படகுலயே வைக்க எனக்கு மனசு வரல. அதான்... விஷயம் இவ்வளவுதான். இப்பச் சொல்லுங்க. வேணுமா, வேணாமா?

படகுக்காரர்: நீயே சொல்லும்மா.

மகள்: தெரியும் சித்தப்பா. அம்மாவுக்குத் தோள் குடுத்தவரு அப்பாவுக்குத் தம்பிதானே. வாசல்ல நுழையும்போதே தெரியும், நுழையறதுக்கு முன்னாடியும் தெரியும். படகுக்கு எஞ்சின் தேடிக் கடை கடையா ஏறி இறங்கினப்போ, பேட்டரிக் கடைக்காரர் ஒருத்தர் பேச்சுவாக்குல சொன்னாரு, புயல்ல தண்ணிக்குள்ள போன அமரர் ஊர்தியை இந்தக் கொட்டகையிலதான் உடைச்சாங்க, அதோட டிரைவரும் இங்கதான் உக்காந்திருக்காருன்னு. அன்னைக்கு எல்லாம் முடிஞ்சு, ஒரு வாய் தண்ணி குடுக்கலாம்னு அப்பா வெளிய வந்து பாத்தாரு, நீங்க இல்ல. பேரு தெரியாது, நாங்க இருந்த நிலையில முகமும் மனசுல பதியல. படகுக்காரன் பொண்டாட்டியைப் படகுல வீட்டுக்குக் கொண்டுவர முடியலையேன்னு இவரு உடைஞ்சு போயிருந்தாரு. "யாரோ ஒருத்தர் கொண்டுவந்து சேத்தாரு"ன்னு சொல்லிச் சொல்லித்தான் எழுந்தாரு. முன்னாடியே சொல்லியிருந்தா எஞ்சினைச் சும்மா தூக்கிக் குடுத்துருவீங்க, அதான் கையைக் குடுக்கற வரைக்கும் வாயை மூடிட்டு இருந்தோம். எஞ்சின் வேற இடத்துலயும் கிடைச்சிருக்கும். இத்தனை வருஷமா நாங்க பாக்கணும்னு தேடினது உங்க முகத்தைத்தான், சித்தப்பா.